ரஹீமைத் தேடி அம்மாவுடன் ஆறு நாள்

முதல் நாள்: பாடன், குஜராத்

அகமதாபாத்தில் இறங்கி அறையில் பையை வைத்ததுமே அம்மா கேட்டது, "இன்னைக்கே பாடன் போயிடலாமா?" என்றுதான். ரயில் களைப்பெல்லாம் எனக்கு மட்டும்தான் போல. அம்மாவுக்கு 66 வயது. இந்தப் பயணத்துக்காக மூன்று மாதமாகக் காத்திருந்தார்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சின்ன வயதில் தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் பரீட்சைகளை பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் வரை எழுதியவர். கபீர், துளசி, ரஹீம் எழுதிய தோஹா என்ற ஈரடிப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். அந்த ரஹீம் அம்மாவுக்கு வெறும் சிலபஸ் புலவர், எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து பாடிய சாமியார். அவருடைய முழுப்பெயர் அப்துர் ரஹீம், அக்பரின் படைத்தளபதி, "கான்களுக்கெல்லாம் கான்" என்று பொருள்படும் கான்-இ-கானான் பட்டம் வாங்கியவர் என்று நான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "படைத்தளபதியா எழுதினான் இதை?" என்றார். அன்றைக்கே கிளம்ப முடிவாகிவிட்டது.

ரஹீம் பிறந்தது 1556 டிசம்பரில், லாகூரில். அங்கே போக முடியாது. அதனால் அவர் வாழ்க்கை முதல் தடவை உடைந்த இடத்திலிருந்து தொடங்குவோம் என்று பாடன் வந்தோம். இங்கே எல்லாரும் வருவது ராணி கி வாவைப் பார்க்க. நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அதே படிக்கிணறுதான். நாங்களும் இறங்கிப் பார்த்தோம், அதன் சிற்பங்களைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு பதிவு ஆகும். ரஹீம் காலத்தில் அது வண்டல் மண்ணுக்குள் மூடிக் கிடந்தது, அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது சகஸ்ரலிங்கக் குளம். சோலங்கி அரசன் சித்தராஜ ஜெயசிங்கன் 12ஆம் நூற்றாண்டில் சரஸ்வதி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பியது. இப்போது தண்ணீர் இல்லை. மதகுகளும், உடைந்த தூண்களும், புல்லும் மட்டும்தான்.

1561 ஜனவரி 31. ரஹீமின் அப்பா பைராம் கான் இந்தக் குளத்தில் படகில் போய்விட்டுக் கரை ஏறினார். ஹுமாயூனுக்கு வலது கையாக இருந்தவர், அக்பர் சிறுவனாக இருந்தபோது அவருக்காக ஆட்சியையே நடத்தியவர். அக்பருக்கு 17 வயதானதும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பதவி போயிற்று, மக்காவுக்குப் போகக் கிளம்பி வழியில் இங்கே தங்கியிருந்தார். வந்து கும்பிடு போடுவதுபோல நெருங்கிய முபாரக் கான் லோஹானி என்ற ஆப்கானியர் அவரைக் குத்திக் கொன்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் மச்சிவாடா போரில் பைராமின் படை கொன்றவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். ஒரு மகன் தன் அப்பாவுக்காகப் பழிதீர்த்ததில் இன்னொரு மகன் அப்பா இல்லாதவன் ஆனான். அந்தப் பையனுக்கு வயது நான்கு.

கூடாரங்களைக் கொள்ளையடித்துவிட்டார்கள். முகமது அமீன் திவானா, பாபா ஜம்பூர் என்ற விசுவாசிகள்தான் பையனையும் அவன் அம்மாவையும் எப்படியோ அகமதாபாத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். அம்மா குளத்துக் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, "நாலு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவரே, "இருக்கும். சத்தம் ஞாபகம் இருக்கும்" என்றார்.

இரண்டாம் நாள்: சர்கேஜ்

பையனை ஆக்ராவுக்கு வரவழைத்து அக்பரே வளர்த்தார். பைராமைத் துரத்தியவரும் அவர்தான், பிள்ளையை எடுத்து வளர்த்தவரும் அவர்தான். பைராமின் இன்னொரு மனைவியான சலீமா சுல்தான் பேகத்தை அக்பர் திருமணமும் செய்துகொண்டார். ரஹீமின் சொந்த அம்மா மேவாத் ஜமால் கானின் மகள், அவருடைய அக்கா ஹுமாயூனின் மனைவிகளில் ஒருவர். இந்த உறவு வலையை அம்மாவுக்கு விளக்க டீக்கடைப் பில்லின் பின்பக்கத்தில் படம் போட வேண்டியிருந்தது. பிறகு அக்பர் தன் பால்சகோதரன் மிர்சா அஜீஸ் கோகாவின் தங்கை மாஹ் பானுவை ரஹீமுக்குக் கட்டிவைத்தார். இந்தப் பெண்ணின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் வேண்டும்.

சர்கேஜ் அகமதாபாத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. சர்கேஜ் ரோஜா என்ற தர்கா வளாகத்தின் குளத்துப் படிகளில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1584 ஜனவரியில் இந்தப் பக்கத்தில்தான் ரஹீம் குஜராத்தின் கடைசி சுல்தான் மூன்றாம் முசாபர் ஷாவைத் தோற்கடித்தார். தன்னிடம் இருந்ததைப்போல நான்கு மடங்கு பெரிய படை எதிரே நின்றதாகச் சொல்கிறார்கள். கூடுதல் படை வரும்வரை பொறு என்றவர்கள் பேச்சைக் கேட்காமல் இறங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 27. அப்பாவுக்கு இருந்த கான்-இ-கானான் பட்டம் அந்த வெற்றிக்குத்தான் கிடைத்தது.

போர் முடிந்து கையில் இருந்ததையெல்லாம் வீரர்களுக்கு வாரிக்கொடுத்திருக்கிறார். எல்லாம் தீர்ந்தபின் ஒருவன் வந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நின்றான். மிச்சம் இருந்தது எழுதப் பயன்படுத்திய மைக்கூடு ஒன்றுதான். அதையும் எடுத்து நீட்டிவிட்டார். அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மைக்கூட்டைக் கொடுத்துட்டு எதுல எழுதினாராம்?" என்று மட்டும் கவலைப்பட்டார்.

வென்ற இடத்தில் ஃபதே பாக், அதாவது வெற்றித் தோட்டம் என்று ஒன்றை அமைத்தார். தோட்டம் இப்போது இல்லை. பக்கத்தில் ஃபதேவாடி என்று ஒரு பகுதிக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1618இல் ஜஹாங்கீர் அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது ரஹீமின் மகள் கைருன்னிசா செய்ததாக ஒரு கதை உண்டு. இலையுதிர்ந்த காலம், மரமெல்லாம் மொட்டை. சக்கரவர்த்தி வருகிறாரே என்று நூற்றுக்கணக்கான கைவினைஞர்களை உட்காரவைத்து வண்ணக் காகிதத்திலும் மெழுகிலும் இலை, பூ, பழம் எல்லாம் செய்து கிளைகளில் கட்டித் தொங்கவிட்டாளாம். ஜஹாங்கீர் ஒரு பூவைப் பறிக்கக் கையை நீட்டியபிறகுதான் விஷயம் தெரிந்ததாம். அப்பாவுக்கு மைக்கூடு என்றால் மகளுக்கு மெழுகுப் பூ. எந்தக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்று இந்த ஒன்றிலேயே தெரிகிறது.

ராத்திரி சூரத் வழியாக ரயில்.

மூன்றாம் நாள்: புர்ஹான்பூர்

ரயில் தப்தி ஆற்றை ஒட்டியே கிழக்கே வருகிறது. விடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். அம்மா ஜன்னலை விட்டு நகரவேயில்லை, "நம்ம திருச்சிப் பக்கம் மாதிரியே இருக்கு" என்றார். ஊருக்குள் எந்தத் தெருவில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். மாவா ஜிலேபி என்று ஒன்று, பால்கோவாவில் செய்து கறுப்பாகப் பொரித்து எடுக்கிறார்கள். ஒன்று சாப்பிட்டாலே போதும், ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம்.

முகலாயருக்குத் தக்காணத்தின் வாசல் இந்த ஊர். ரஹீம் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார்.

ஜாமா மசூதிக்குப் போனோம். அதைக் கட்டிய ஃபாரூக்கி அரசர் ராஜா அலி கான் உள்ளே அரபியோடு சமஸ்கிருதத்திலும் கல்வெட்டு வைத்திருக்கிறார். அம்மா தேவநாகரி எழுத்தைக் கண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த ராஜா அலி கான் 1597இல் ஆஷ்டி போரில் ரஹீம் பக்கம் நின்று செத்தவர். அகமதுநகர், பிஜாப்பூர், கோல்கொண்டா மூன்றின் படையும் எதிரே. தோற்றுப்போனால் உங்களை எங்கே தேடுவது என்று உடன் இருந்த தளபதி தௌலத் கான் லோடி கேட்டதற்கு, "பிணங்களுக்கு அடியில்" என்று ரஹீம் சொன்னாராம். அந்தப் போரிலும் வென்றார். அதிலும் வாரிக்கொடுத்தார்.

சாயங்காலம் ஆற்றங்கரையில் ஷாஹி கிலா கோட்டையின் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இந்த ஊரில்தான் ரஹீமின் மருமகன் இளவரசர் தானியால் 1605இல் குடித்துச் செத்தார். அக்பரின் மகன், ரஹீமின் மகள் ஜானா பேகத்தின் கணவர். குடிக்க விடாமல் காவல் வைக்கும்படி அக்பர் ரஹீமுக்கு உத்தரவு போட்டிருந்தார், அவரும் ஆள் போட்டுக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார். தானியால் தன் வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்து, அதன் குழலில் சாராயம் ஊற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். குழலுக்குள் இருந்த துருவும் வெடிமருந்தும் சாராயத்தில் கரைந்தன. குடித்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்கு அவரே முன்பு வைத்த பெயரின் பொருள் "பாடையும் இதுவும் ஒன்றே" என்று ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மருமகனைக் காக்கும் பொறுப்பு மாமனாரிடம் இருந்தது. மகளிடம் போய் அந்தச் செய்தியை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இவ்வளவுதான், தூக்கம் வருகிறது.

நான்காம் நாள்: குண்டி பண்டாரா

நேற்று மாலையே வந்து பார்த்தோம், நேரம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று காலையில் முதல் ஆளாக வந்து நின்றோம்.

வெளியே பார்த்தால் வயல்காட்டில் வரிசையாகக் கிணற்றுச் சுவர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் கீழே ஒன்றோடொன்று சுரங்கத்தால் இணைந்திருக்கிறது. சாத்புரா மலையில் பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்கித் தப்தியை நோக்கிக் கசிந்து போகிறது. அந்தக் கசிவை நடுவழியில் மறித்து, சுரங்கத்தில் சேர்த்து, மெல்லிய சரிவிலேயே ஊருக்குள் கொண்டுபோகிற ஏற்பாடு. இறைக்க மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பாரசீகத்தில் பழக்கத்தில் இருந்த முறை. 1615இல் ரஹீம் இங்கே பொறுப்பில் இருந்தபோது, தப்குதுல் அர்ஸ் என்ற பாரசீக நிலநீர் நிபுணரை வைத்துச் செய்தது.

அம்மா லிஃப்ட் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். சுமார் 80 அடி இறங்கியது. கீழே போனதும் வெயில், தறிச் சத்தம், பேச்சு எல்லாம் அறுந்து தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார். தண்ணீர் ஜில்லென்று, அடியில் கால்விரல் தெரியும் தெளிவு. சுவரெல்லாம் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வெளேரென்று புடைத்திருந்தது, தொட்டால் சொரசொரப்பு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிணற்று வாய் மேலே வட்டமாகத் திறந்திருக்க, அதன் வழியே ஒரு தூண் வெளிச்சம் தண்ணீரில் நின்றது. அந்த வெளிச்சத்தில் நின்று அம்மா தோஹாவைச் சொல்ல ஆரம்பித்தார். பரீட்சை எழுதி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு எழுத்து பிசகவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரைக் காப்பாற்று, தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் வெறுமை, தண்ணீர் போனால் முத்து, மனிதன், சுண்ணாம்பு மூன்றும் பிழைக்காது என்பது அதன் சாரம். "கடைசி வார்த்தைக்கு நோட்ஸ்ல மாவுன்னு இருக்கும், எங்க பண்டிட் சுண்ணாம்புன்னு சொல்லித் தந்தார்" என்று சுவரில் தட்டிக் காட்டினார். இந்தியில் தண்ணீர் என்ற சொல்லுக்கே மூன்று பொருள்: மனிதனுக்கு மானம், முத்துக்கு ஒளி, மூன்றாவதற்கு வெறும் தண்ணீர். நாமும் நல்ல முத்தைப் பார்த்து "நீரோட்டம் இருக்கு" என்றுதானே சொல்கிறோம், அதேதான். அம்மா இவ்வளவு காலமும் அதை மானத்தைப் பற்றிய நீதிப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தாராம். ஒரு ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்த ஆள் எழுதியது என்று இந்தச் சுரங்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது என்றார்.

ரஹீமைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போரை எழுதுகிறார்கள், அல்லது தோஹாவை எழுதுகிறார்கள். பாபரின் நினைவுக் குறிப்பைத் துருக்கியிலிருந்து பாரசீகத்துக்கு மொழிபெயர்த்து 1589இல் அக்பரிடம் கொடுத்ததை எழுதுகிறார்கள். எல்லாம் சரி. நான் பார்த்தவரை அவர் செய்ததிலேயே பெரியது முழங்கால் ஆழத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்தத் தண்ணீர்தான்.

ஐந்தாம் நாள்: உதாவளி ஆற்றங்கரை

ஆட்டோக்காரரிடம் ஷா நவாஸ் கான் கல்லறை என்றேன், புரியவில்லை. "காலா தாஜ்மஹாலா?" என்றார். கறுப்புக் கல்லில் கட்டியது, அதனால் ஊரில் அந்தப் பெயர். நாலு மூலையிலும் சின்ன மினார். வெளியே இறுக்கமாகத் தெரிகிறது, உள்ளே போனால் சுவரில் பூவேலை ஓவியம், மங்கிய சிவப்பும் பச்சையும் இன்னும் தெரிகிறது. எங்களைத் தவிர யாரும் இல்லை.

இங்கே இருப்பவர் ரஹீமின் மூத்த மகன் மிர்சா ஈரஜ். 1616இல் அகமதுநகர்த் தளபதி மாலிக் அம்பரையே முறியடித்துப் பெயர் வாங்கியவர், ஷா நவாஸ் கான் என்பது பட்டம். அவர் மகளை 1617இல் ஷாஜஹானுக்குத் திருமணம் செய்துகொடுத்தார்கள். மகன் குடியில் மூழ்கிவிட்டான், போய்ப் பார்த்துக்கொள் என்று ஜஹாங்கீரே ரஹீமிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரஹீம் புர்ஹான்பூர் வந்து பார்த்தபோது மகன் படுக்கையில் துரும்பாக இருந்தார். 1619இல் இறந்தார். வயது 33தான். முன்பு மருமகன், இப்போது மகன், இரண்டும் ஒரே ஊரில், ஒரே காரணத்தால்.

அதே வருடம் இன்னொரு மகன் ரஹ்மான் தாத். காய்ச்சலில் படுத்திருந்தவர் எதிரி வருகிறான் என்று கேட்டு எழுந்துபோய்ச் சண்டையிட்டு ஜெயித்துவிட்டு வந்தார். வியர்வையோடு மேலங்கியைக் கழற்றினார், குளிர்காற்று பட்டு இழுப்பு வந்து நாக்கு அடங்கிவிட்டது. செய்தியை அப்பாவிடம் போய்ச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கடைசியில் ஷா ஈசா என்ற சூஃபிப் பெரியவர் துக்க உடை உடுத்திக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா பேசாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அண்ணன் போனது 2009இல். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அம்மா எழுந்திருக்க அரைமணி ஆனது, நான் அவசரப்படுத்தவில்லை.

ராத்திரி தில்லி ரயிலில் மிச்சக் கதையையும் சொல்லச் சொன்னார். சொல்ல எனக்கு மனமில்லை, ஆனாலும் சொன்னேன். 1622க்குப் பிறகு ஷாஜஹான் தன் அப்பா ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளம்பினார். ரஹீமுக்கு ஒரு பக்கம் சக்கரவர்த்தி, இன்னொரு பக்கம் பேத்தியின் கணவன். ஷாஜஹான் பக்கம் போனார், பிறகு இரண்டு பக்கத்திலும் நம்பிக்கை போயிற்று. மகன் தாராபை வங்காளத்துக்கு ஆளுநராக்கிய ஷாஜஹான், தாராபின் பிள்ளையைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார். தாராப் வரவில்லை என்றதும் அந்தப் பிள்ளையை ஷாஜஹான் தரப்பில் கொன்றார்கள். தாராபை ஜஹாங்கீர் தரப்பில் கொன்றார்கள். தாராபின் தலையைத் தட்டில் வைத்து மூடி, சக்கரவர்த்தி அனுப்பிய பழம் என்று சொல்லி ஜஹாங்கீரின் தளபதி மகாபத் கான் ரஹீமிடம் அனுப்பிவைத்தார். கிழவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாம், ஷஹீதி தர்பூஸ்தான்" என்றாராம். தர்பூஸ் என்றால் தர்பூசணி, ஷஹீத் என்றால் உயிர்த்தியாகி.

அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆறாம் நாள்: தில்லி, மாஹ் பானுவின் கல்லறை

மதுரா சாலையில் லாரிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறது. ஹுமாயூன் கல்லறையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஒரு காலத்தில் யமுனை இதன் பக்கத்தில் ஓடியது, இப்போது ஆறு விலகிப்போய்விட்டது.

இதைக் கட்டியவர் ரஹீம், 1598இல், மனைவி மாஹ் பானுவுக்காக. தாஜ்மஹாலுக்கு முப்பது வருடத்துக்கும் மேல் முந்தியது. மேலே இருந்த பளிங்கையும் சிவப்புக் கல்லையும் 18ஆம் நூற்றாண்டில் சஃப்தர்ஜங் கல்லறைக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வெகுகாலம் எலும்புக்கூடு மாதிரி நின்றது. ஆகா கான் அறக்கட்டளை ஆறு வருடம் வேலை செய்து 2020இல் திறந்தார்கள். குவிமாடத்தின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் பளிங்கு வைத்து, மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள், எவ்வளவு போயிற்று என்று தெரியட்டும் என்று. எனக்கு அது சரியாகவே பட்டது. மேடையைச் சுற்றியுள்ள வளைவுகளுக்குள் விதானத்தில் சுண்ணாம்புக் காரையில் கீறிய வட்டங்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம்.

ஜஹாங்கீர் கடைசியில் ரஹீமை மன்னித்துப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், லட்சம் ரூபாயும் கொடுத்தார். அன்பின் நூலை வெடுக்கென்று அறுக்காதே, மறுபடி சேர்த்தாலும் முடிச்சு விழும் என்று பாடியவர் ரஹீம். அந்த மன்னிப்பை என்ன மனதோடு வாங்கியிருப்பார்? மகாபத் கானே சக்கரவர்த்திக்கு எதிராகத் திரும்பியபோது, அவனைப் பிடிக்க என்னை அனுப்புங்கள் என்று எழுபது வயதில் ரஹீம் கேட்டு வாங்கிக்கொண்டார். லாகூரிலேயே உடம்பு சரியில்லாமல் போய், தில்லி வந்து 1627இல் இறந்தார். 29 வருடம் முன்பு தான் கட்டிய இடத்திலேயே மனைவியோடு அடக்கம் செய்தார்கள்.

அம்மா வாசலில் இருந்த பலகையை முழுதாக, இந்தியில், விரல் வைத்துப் படித்தார். "மேலே இவர் பேர்தான் பெரிசா இருக்கு. கட்டினது அவளுக்குத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ நீ எழுதும்போது அவ பேரைப் போடு" என்றார்.

போட்டுவிட்டேன் அம்மா.